வந்த நிலத்தின் உரிமை: புலம்பெயர்ந்தோர் நாடகங்கள் பற்றிய ஓர் ஆய்வு

தோற்றுவாய்

‘தங்கட்குச் சொந்த ஊர் எது?’ என்னும் வினா, தமிழர் இருவர் புதிதாகச் சந்திக்குங்கால் முதற்கண் எழும் வினாக்களுள் ஒன்று. வினவுவார் அறிய விரும்புவது மற்றவர் இன்று வாழும் ஊரை அன்று. அவர்தம் தந்தையும் பாட்டனும் வாழ்ந்த ஊரையே. இக்கட்டுரையாளர் வாழும் நூம்பல், பூவிருந்தவல்லியை அடுத்துச் சென்னையின் மேற்குப் புறத்தே அமைந்தது. அங்கு மனை வாங்கி வீடு கட்டி முப்பது ஆண்டு வாழ்ந்த ஒருவரும், சொந்த ஊர் யாதெனக் கேட்பின், திருநெல்வேலி என்றோ தஞ்சை என்றோ விடையிறுப்பர். அவ்விடையால் அவர்க்கு ஊறு ஒன்றும் இல்லை. ‘ஆயின் திருநெல்வேலிக்கே திரும்பிச் செல்க’ என்று அவரை நோக்கிக் கூறுவார் எவரும் இலர். வினாவும் அன்பின்பாற்பட்டது, விடையும் அன்னதே.

கடல் கடந்து சென்ற தொழிலாளியை நோக்கி ஓர் அரசு இதே வினாவை எழுப்புமாயின் அதன் பொருள் முற்றிலும் வேறாகிவிடுகிறது. ‘நீ எங்கிருந்து வந்தாய்?’ என்னும் வினாவுக்குள் ‘நீ இவ்விடத்துக்கு உரியவன் அல்லை’ என்னும் தீர்ப்பு முன்னரே அடங்கியிருக்கிறது. அத்தீர்ப்புக்கு எதிராக வழக்குரைக்கும் மக்கள் தம் வழக்கினை நீதிமன்றத்தில் மட்டும் உரைத்தாரல்லர். நாடக மேடையிலும் ஆடுகளத்திலும் உரைத்தனர். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டோரின் வழிவந்தவர் அமெரிக்காவிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் இயற்றிய நாடகங்கள் இவ்வகையின. தமிழகத்திலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கும் இலங்கை மலையகத்துக்கும் சென்ற உழைப்பாளரின் வழிவந்தவர் நிகழ்த்தும் நாடகமும் கூத்தும் இவ்வகையினவே. இவற்றை ஒருங்குவைத்து நோக்கி, இவற்றில் உரிமை எனப்படுவது எதன்மேல் நிறுவப்படுகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கரையினின்று காணும் நோக்கு

புலம்பெயர்ந்த தமிழரைப் பற்றித் தமிழகத்தார் எழுதியவை பெரிதும் இரக்கத்தின் வெளிப்பாடுகள். பாரதியார் பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் நைந்த பெண்களை நினைந்து பாடினார். புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’ என்னும் கதையில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தின் கொடுமைகளைக் காட்டினார். இவற்றின் இலக்கியச் சிறப்பு ஐயத்துக்கு இடமற்றது. ஆயினும் இவை கரையில் நின்று கடலை நோக்குவார் எழுத்து என்பதை மறத்தலாகாது. கரையில் நிற்பார்க்குச் சென்றவர் என்றும் ‘போனவர்’ ஆவர். சென்றவரோ, ஒரு தலைமுறை கழிந்தபின், தம்மைப் ‘போனவர்’ எனக் கருதுவதில்லை; ‘இருப்பவர்’ எனவே கருதுகின்றனர். இந்த வேறுபாடு சிறிதன்று.

இரக்க நோக்கின் இடத்தைப் பிற்காலத்தில் ஆராய்ச்சி நோக்கு ஒன்று பற்றிக்கொண்டது. அதனை ‘எச்சம் தேடும் நோக்கு’ எனலாம். அயல்நாட்டுத் தமிழரின் கலை எதனைக் கண்டாலும், அதில் தமிழகத்துக் கூறு எவ்வளவு எஞ்சியுள்ளது என அளந்து மகிழ்வதே அதன் இயல்பு. தென்னாப்பிரிக்க நாடகாசிரியர் ஒருவரின் பெயர் கோவெண்டர் என்றால், அது ‘கவுண்டர்’ என்பதன் திரிபு என்று கண்டவுடன் ஆராய்ச்சி நிறைவுற்றதாகக் கருதுவோர் உளர். நேட்டாலில் ‘ஆறடி நடனம்’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரால் வழங்குவது நம் தெருக்கூத்தே என்று கண்டறிவதும் இத்தகையதே. இக்கண்டுபிடிப்புகள் பொய்யல்ல, ஆராய்ச்சியின் தொடக்கத்துக்கு இவை வேண்டும். ஆராய்ச்சி இவற்றோடு நின்றுவிடுதலே குறை.

அக்குறை வெறும் புலமைக்குறை அன்று. ‘இக்கலை இந்தியாவினது, இவர்கள் இந்தியாவின் தொடர்ச்சி’ என்று நாம் பெருமையோடு கூறும் கூற்றும், ‘இவர்கள் இந்தியர், இந்தியாவுக்கே செல்லட்டும்’ என்று அயல் அரசுகள் பகைமையோடு கூறிய கூற்றும் ஒரே முதற்கோளினின்று பிறப்பவை. ஒருவன் உரியனாதல் அவன் தோன்றிய நிலத்துக்கே என்பது அம்முதற்கோள். அன்பினால் கூறினும் பகையினால் கூறினும் அதன் பயன் ஒன்றே. ஆதலின் திறனாய்வாளர் இதனைச் சீர்தூக்கிப் பார்த்தல் கடமையாகிறது.

தொல்காப்பியர் தரும் அளவுகோல்

இம்முதற்கோளைத் தமிழ்மரபு ஏற்கிறதா? தொல்காப்பிய அகத்திணையியல் இதற்குத் தெளிவான விடை தருகிறது. முதல், கரு, உரி என்னும் மூன்றனுள் நிலமும் பொழுதும் முதற்பொருள். பூவும் புள்ளும் பறையும் யாழும் பிறவும் கருப்பொருள். புணர்தல் பிரிதல் முதலிய ஒழுக்கம் உரிப்பொருள். ஒரு நிலத்துக்குரிய பூவோ புள்ளோ தனக்குரிய நிலத்தோடும் பொழுதோடும் பொருந்தாமல் வேறொரு நிலத்தில் வந்து தோன்றுமாயின், அதனை எந்நிலத்ததாகக் கொள்வது என்னும் வினாவைத் தொல்காப்பியர் எழுப்பிக்கொள்கிறார். அது வந்த நிலத்தின் கருப்பொருளாகவே கொள்ளப்படும் என்பது அவர்தம் முடிபு. தோன்றிய நிலத்தை அவர் மறுக்கவில்லை. இந்நிலத்துப் பூ என்று அறியப்பட்டமையாலன்றோ அஃது இடம் மாறி வந்தது எனக் கூறமுடிகிறது. எனினும் செய்யுளில் அதன் பயன் எந்நிலத்துக்கு ஆகின்றது என்று வினவின், வந்த நிலத்துக்கே என்கிறார்.

செய்யுட்கு வகுத்த விதியை மக்கள் வாழ்வின்மேல் ஏற்றிக் கூறுதல் பொருந்துமோ எனின், விதியாக அன்று, நோக்காகவே ஈண்டுக் கொள்கின்றோம். மேலும், ‘உரிப்பொருள்’, ‘உரிமை’ என்னும் இரு சொற்களும் ‘உரி’ என்னும் ஒரே அடியினின்று பிறந்தவை. திணையைத் துணிதற்கண் உரிப்பொருளே தலையாயது. அஃதாவது ஒழுக்கமே தலையாயது. ஒருவன் ஓரிடத்துக்கு உரியனாதல் அவன் அவ்விடத்தில் செய்ததாலும் பட்டதாலும் என்னும் கருத்தை நம் இலக்கணமே நமக்குப் பயிற்றியிருக்கிறது. இவ்வளவுகோலைக் கொண்டு நாடகங்களை நோக்குவோம்.

ஆப்பிரிக்க வழியினர் நாடகம்

அமெரிக்கக் கறுப்பின மக்களை நோக்கியும் ‘தாயகம் செல்க’ என்னும் குரல் எழுந்ததுண்டு. 1816இல் தோன்றிய அமெரிக்கக் குடியேற்றச் சங்கம், விடுதலை பெற்ற கறுப்பினத்தாரை ஆப்பிரிக்காவுக்கு அனுப்புவதைத் தன் பணியாகக் கொண்டது. 1822இல் தொடங்கிய லைபீரியக் குடியேற்றம் அதன் விளைவு. அச்சங்கத்தில் அடிமை முறையை வெறுத்தவரும் இருந்தனர். அடிமைகளை உடையவரும் இருந்தனர். இருசாராரும் ஒன்றுபட்ட இடம் ஒன்றே: கறுப்பினத்தார்க்கு இந்நாட்டில் இடமில்லை என்பது. இவ்வரலாற்றைப் பின்புலமாகக் கொண்டாலன்றிப் பின்வரும் நாடகங்களின் உட்பொருள் விளங்காது.

லொரெய்ன் ஹான்ஸ்பெரி இயற்றி 1959இல் நியூயார்க்கின் பிராட்வே அரங்கேறிய நாடகம், ‘வெயிலில் ஓர் உலர்திராட்சை’ என்று பொருள்படும் தலைப்பினது. சிக்காகோ நகரின் நெருக்கமான வாடகைக் குடியிருப்பில் வாழும் யங்கர் குடும்பத்தார்க்கு, உழைத்தே உயிர்நீத்த தந்தையின் காப்பீட்டுத் தொகை 10,000 டாலர் வருகிறது. தாய் அதில் ஒரு பகுதியைக் கொண்டு வெள்ளையர் வாழும் பகுதியில் ஒரு வீடு வாங்குகிறாள். அப்பகுதியினரின் சார்பாக வரும் ஒருவர், குடிவாராதிருத்தற்குப் பணம் தருவதாகப் பணிவோடு கூறுகிறார். எஞ்சிய பணத்தை வாணிகத்தில் இழந்துநிற்கும் மகன் வால்ட்டர் அதனைப் பெற்றுக்கொள்ள முதலில் துணிகிறான், இறுதியில் மறுத்துவிடுகிறான். மறுக்குங்கால் அவன் ஆப்பிரிக்கப் பெருமை எதனையும் எடுத்துரைக்கவில்லை என்பது கருதத்தக்கது. இந்நாட்டில் தன் குடியின் ஆறாம் தலைமுறை தன் மகன் என்று அவனைச் சுட்டுகிறான்; அவ்வீடு தன் தந்தை சிறுகச் சிறுக உழைத்து ஈட்டியது என்கிறான். தலைமுறைக் கணக்கும் உழைப்பின் கணக்குமே அவன் காட்டும் சான்று.

அந்நாடகத்தில் ஆப்பிரிக்கா இடம்பெறாமல் இல்லை. வால்ட்டரின் தங்கை பெனீத்தாவிடம் நைஜீரிய மாணவன் அசகாய் தன் நாட்டு உடையைத் தந்து, தன்னோடு வருமாறும் அழைக்கிறான். அவ்வழைப்பை ஆசிரியர் இகழவும் இல்லை, ஏற்றுக்கொள்ளவும் இல்லை, முடிவு கூறாமல் விட்டுவிடுகிறார். ஆப்பிரிக்கா மதித்தற்குரிய நினைவாகவே நிற்கிறது. வீட்டுக்கு உரிமை அதனாற் பெறப்படவில்லை. தாய், சாளரத்தருகே வெயில் போதாமல் வாடிய சிறுசெடியை நாடகத்தின் இறுதியில் தன் கையோடு எடுத்துச் செல்கிறாள். வேர்கொள்ள நிலம் தேடிச் செல்லும் செடி அது. பெயர்ந்த பூ வந்த நிலத்ததாகும் என்னும் கருத்துக்கு இதனினும் பொருந்திய எடுத்துக்காட்டு அரிது.

செயின்ட் லூசியாத் தீவினரான டெரக் வால்காட்டின் ‘குரங்குமலைக் கனவு’ 1967இல் முதன்முதல் மேடையேறியது. மலைமேல் கரி சுட்டு விற்கும் மக்காக் என்னும் முதியவன் சிறையில் அடைக்கப்படுகிறான். தன் பெயரைக்கூட அவனால் கூற இயலவில்லை. வெள்ளை உருவம் ஒன்று தோன்றி, அவன் ஆப்பிரிக்க அரசர் வழியினன் என்று கூறியதாக அவன் நம்புகிறான். கனவில் ஆப்பிரிக்கா சென்று அரசனாகிறான். ஆயின் அவ்வரசில் பழிவாங்கலன்றிப் பிறிதொன்றும் இல்லை. இறுதியில் அவ்வெள்ளை உருவத்தையே வெட்டி வீழ்த்துகிறான். கனவு கலைந்தபின் தன் பெயர் இன்னது என அவன் வாயினின்று வெளிப்படுகிறது. தன் மலைக்கே திரும்புகிறான். தாயகக் கனவு பொய் என்று வால்காட் கூறவில்லை. அக்கனவின் வழியே சென்று மீண்டாலன்றி அவனுக்குத் தன் பெயர் கிடைத்திராது. எனினும் பெயர் கிடைத்தபின் அவன் செல்லும் இடம் ஆப்பிரிக்கா அன்று. கரி சுட்ட மலையே.

1990இல் புலிட்சர் பரிசு பெற்ற ஆகஸ்ட் வில்சனின் ‘பியானோப் பாடம்’ இவ்வழக்கின் இருபக்கங்களையும் உடன்பிறந்தார் இருவரிடம் பகிர்ந்தளிக்கிறது. குடும்பத்தில் ஒரு பியானோ உண்டு. அடிமைக் காலத்தில் அக்குடும்பத்தார் இருவரை விலையாகக் கொடுத்து ஆண்டை வாங்கியது அது. பிரிந்துபோன தன் மனைவி மக்களின் உருவங்களை முப்பாட்டன் அதில் செதுக்கினான். அதனை விற்று, முன்னோர் அடிமைகளாக உழுத அதே நிலத்தை விலைக்கு வாங்க வேண்டும் என்கிறான் பாய் வில்லி. விற்கலாகாது என்கிறாள் தமக்கை பெர்னீஸ். பாய் வில்லி வேண்டும் நிலம் மிசிசிப்பியில் உள்ளது என்பதை மனங்கொள்ள வேண்டும். முன்னோர் துன்புற்ற நிலமே அவனுக்கு முன்னோர் நிலம். துன்பம் உரிமையைக் குறைப்பதற்கு மாறாக உரிமைக்கு ஆவணமாகிறது. பியானோ இறுதியில் விற்கப்படவில்லை. ஆயின் பெர்னீஸும் அதனை வாளா வைத்திருத்தல் இயலாது, மீண்டும் இசைத்தல் வேண்டும் என்பது தெளிவாகிறது. நினைவு காட்சிப்பொருளாக வைத்தற்கு அன்று, பயன்கொள்ளற்கு என்பதே அந்நாடகத்தின் முடிபு.

நேட்டால் தமிழர் வழியினர் நாடகம்

இனி ஆப்பிரிக்க மண்ணிலேயே வாழும் தமிழ் வழியினரை நோக்குவோம். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் 1860ஆம் ஆண்டு நவம்பரில் டர்பன் துறையை அடைந்தது. அம்முறை 1911இல் நிறுத்தப்படும் வரை ஏறத்தாழ 1,52,000 பேர் நேட்டாலுக்குச் சென்றனர். அவருள் மூன்றில் இருபங்கினர் சென்னைத் துறைவழிச் சென்றவர். ஒப்பந்தம் முடிந்து அங்கேயே தங்கியோரைத் திருப்பியனுப்ப அரசு ஓயாது முயன்றது. 1927ஆம் ஆண்டுக் கேப்டவுன் உடன்பாடு, வழிச்செலவும் ஊக்கப்பணமும் தந்து அவர்களை இந்தியாவுக்கு அனுப்பும் திட்டத்தை உள்ளடக்கியது. அந்நாட்டில் பிறந்து வளர்ந்தவரும் அந்நாட்டின் நிலையான குடிகளாக அரசினால் ஏற்கப்பட்டது 1961இலேதான். ஒரு நூற்றாண்டுக் காலம் அவர்கள் சட்டத்தின் கண்ணில் ‘போகவேண்டியவர்’ ஆகவே இருந்தனர் எனலாம்.

டர்பனை அடுத்த கேட்டோ மேனர் என்னும் பகுதியில் ஒப்பந்தம் நீங்கியோர் காய்கறித் தோட்டம் இட்டு வாழ்ந்தனர். அங்கே 1934இல் பிறந்தவர் ரோனி கோவெண்டர். 2021இல் மறைந்த அவர் தென்னாப்பிரிக்க நாடக வரலாற்றில் தனியிடம் உடையவர். அவர் கண்முன்னே அவ்வூர் இருமுறை சிதைந்தது. 1949 சனவரியில் ஆப்பிரிக்கர்க்கும் இந்தியர்க்கும் இடையே மூண்ட கலவரத்தில் 142 பேர் மாண்டனர் என்பது அரசுக் கணக்கு. அடுத்த ஆண்டு இயற்றப்பட்ட குழுப்பகுதிச் சட்டம், இனந்தோறும் வாழிடம் வேறுபடுத்தியது. பின்வந்த ஆண்டுகளில் கேட்டோ மேனர் மக்கள் அகற்றப்பட்டனர்; இந்தியர் சாட்ஸ்வொர்த் முதலிய இடங்களிலும் ஆப்பிரிக்கர் குவாமாஷூ முதலிய இடங்களிலும் குடியமர்த்தப்பட்டனர். வீடுகள் இடிக்கப்பட்டன. 1947இல் அங்கு எழுப்பப்பட்ட அம்பலவாணர் ஆலயம் மட்டும் அடியார் அகன்ற ஊரில் நின்றது.

கோவெண்டரின் ‘லானியின் விருப்பம்’ 1970களில் மேடையேறியது. ‘லானி’ என்பது நேட்டால் இந்தியர் பேச்சில் வெள்ளை முதலாளியைக் குறிக்கும் சொல். கரும்பாலை ஊர் ஒன்றன் மதுக்கடையே நாடகக் களம். உரையாடல் ஆங்கிலத்தில் அமைந்ததே. ஆயின் அஃது ஆலைத் தொழிலாளர் வாயில் உருமாறி, இந்திய மொழிச் சொற்கள் விரவி, நேட்டாலுக்கே உரியதாகிவிட்ட ஆங்கிலம். எச்சம் தேடுவோர் இங்கு ஏமாற்றம் அடைவர். தமிழ்த்தொடர் இல்லை, புராணக்கதை இல்லை. ஆயினும் அம்மொழி வேறெங்கும் பேசப்படாதது. அவர்தம் உழைப்பும் இழிவும் நகையும் அந்நிலத்தில் விளைவித்தது. ‘யாம் இவ்விடத்தேம்’ என்பதற்கு அதனினும் வலிய சான்று அவரிடம் வேறில்லை.

‘விளிம்பில்’ என்று பொருள்படும் தலைப்பினதாய், 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிகழ்ந்த அவரது நாடகத்தில் ஒரே நடிகர் கேட்டோ மேனரின் பல மாந்தராக மாறி மாறித் தோன்றுவர். இஃது ஓர் உத்தி மட்டுமோ எனின், அன்று. ஊர் இடிக்கப்பட்டபின் ஊரார் அனைவரும் கூடி நிற்றற்குரிய இடம் நிலத்தில் இல்லை. ஒருவன் உடம்பே அவ்விடமாகிறது. அங்கு நினைவுகூரப்படும் இழந்த ஊர் தமிழகத்துச் சிற்றூர் அன்று, கேட்டோ மேனரே. நம்மவர் ‘தாயகம்’ எனக் கருதும் இடத்தில் அந்நாடகத்தார் வைத்துள்ளது டர்பன் புறநகர்க் குன்றுகளை என்பதை நாம் அறிந்துகொள்ளல் வேண்டும்.

மலையகக் காமன் கூத்து

நேட்டாலில் தமிழ்மொழி வழக்கு அருகிவிட்டமையால், அங்குள்ள நாடகத்தை ‘நம்முடையது’ என்று உரிமை கொண்டாட நாம் தயங்குவோம். இலங்கை மலையகத்தில் நிலைமை வேறு. மொழி தமிழ், கூத்து காமன் கூத்து, கதை கச்சியப்பர் காமதகனப் படலத்தில் பாடிய கதை. ஆதலின் எச்சம் தேடும் நோக்குக்கு அது மிக எளிதில் இரையாகிறது.

மாசித் திங்களில் மூன்றாம் பிறையன்று தோட்டத்தில் காமன் ஊன்றப்படுகிறது. முழுநிலவை ஒட்டிய இரவில் தப்பு முழங்க, காமனும் ரதியும் தூதரும் பிறரும் களம் புகுகின்றனர். சிவனது தவத்தைக் கலைக்கச் செல்லும் காமனை ரதி தடுக்கிறாள், அவன் செல்கிறான், எரிகிறான், ரதி புலம்புகிறாள், அவன் மீள எழுகிறான். நடிப்போர் தொழில்முறைக் கூத்தர் அல்லர். பகலில் மலையேறித் தோட்டவேலை செய்வோர். பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடப்பட்டு வரிசையில் நிற்கும் அவரே இரவில் இமையவராகவும் தூதராகவும் நிற்கின்றனர்.

தமிழகத்தில், சிறப்பாகத் தஞ்சைப் பகுதியில், காமன் பண்டிகையின்போது எரிந்த கட்சி, எரியாத கட்சி என இரு திறத்தார் லாவணி பாடி வாதிடுவர். காமன் எரிந்தானா இல்லையா என்பது இங்குப் புலமை விளையாட்டு. மலையகத்தில் அது விளையாட்டன்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தினால் ஏறத்தாழ 7 இலட்சம் மலையக மக்கள் எந்நாட்டுக் குடிகளும் அல்லாராயினர். அடுத்த ஆண்டு வாக்குரிமையும் இழந்தனர். 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகை செய்தது. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை 1974இல் இருநாட்டுக்கும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டது. எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் வந்தது.

காமன் மீள எழும்போது ரதியின் கண்ணுக்கு மட்டுமே உருவுடையனாகிறான். ஏனையோர்க்கு அவன் உருவிலி. கந்தபுராணத்தில் இஃது இறைவன் அருளின் ஒரு வரையறை. தேயிலைத் தோட்டத்தில், பெயர்ப்பதிவில் இல்லாத மக்கள் நடிக்கக் காணுங்கால், இதன் பொருள் கனத்துவிடுகிறது. உழைக்கிறான், உண்கிறான், மணக்கிறான், மாள்கிறான். ஆயினும் சட்டத்தின் கண்ணுக்கு உருவிலி. அவனைச் சேர்ந்தோர் கண்ணுக்கு மட்டுமே அவன் உருவுடையவன். கூத்தினைத் தோற்றுவித்தோர் இப்பொருளைக் கருதினர் என்று கூறுதல் மிகையாகும். சட்டத்துக்கு மிக முற்பட்டது கூத்து. வந்த நிலம் பழைய கதைக்குத் தந்த பொருள் இது என்பதே நம் கருத்து. பூ பழையதே, பயன் வந்த நிலத்தது.

மேலும், காமன் ஊன்றுதல் என்னும் செயலையும் நோக்குக. தாம் குடியிருக்கும் லயத்துக்கோ, தாம் பண்படுத்திய மலைக்கோ எழுத்து ஆவணம் ஒன்றும் இல்லாதார் அம்மண்ணில் தம் தெய்வத்தை ஆண்டுதோறும் ஊன்றுகின்றனர். இன்றும் அவருள் பலர்க்கு வீட்டு நிலத்தின்மேல் உரிமைப்பத்திரம் இல்லை. சி. வி. வேலுப்பிள்ளை 1954இல் வெளியிட்ட தம் தேயிலைத் தோட்டப் பாடல்களில், நினைவுக்கல் ஏதுமின்றித் தேயிலையின் அடியில் உறங்கும் முன்னோரைச் சுட்டியதும் இவ்வுரிமை பற்றியே. புதைந்தவர் ஆவணமாகின்றனர்.

ஒப்பந்தத்தின்படி தமிழகம் வந்தோர் நிலையை நினைப்பின் முதற்கோளின் பிழை வெளிப்படையாகும். அவர்தம் மறுவாழ்வுக்கென 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. இலங்கையில் ‘இந்தியத் தமிழர்’ எனப்பட்டவர் இங்குச் ‘சிலோன்காரர்’ எனப்பட்டனர். தோன்றிய நிலத்துக்கே ஒருவன் உரியன் என்பது மெய்யாயின், தோன்றிய நிலம் அவரை வேற்றுநாட்டுப் பெயரால் அழைத்தது எங்ஙனம்?

தடையும் விடையும்

இங்கு இரு தடைகள் எழுதல் கூடும். முதலாவது: மலையக நாட்டார் பாடல்களிலும் வழிபாட்டிலும் தமிழக ஊர்களைப் பற்றிய ஏக்கம் உண்டே, அதனை மறைக்கலாமோ என்பது. மறைக்க வேண்டுவதில்லை. நினைவு வேறு, உரிமை வேறு. யங்கர் குடும்பத்தில் ஆப்பிரிக்க உடை இருந்தது. வீடு சிக்காகோவில் இருந்தது. மக்காக் ஆப்பிரிக்காவைக் கனவு கண்டான். உறைவிடம் மலையில் இருந்தது. ஏக்கத்தைச் சான்றாகக் காட்டி ஒருவனை வெளியேற்றுதல், திருநெல்வேலியை நினைந்து பெருமூச்செறிந்தான் என்பதற்காக நூம்பலில் உள்ளவனின் வீட்டுப் பட்டாவைப் பறிப்பது போலும்.

இரண்டாவது தடை வலியது. உழைப்பினால் உரிமை எனின், அந்நிலத்தில் முன்னரே இருந்தோர் உரிமை யாதாவது? நேட்டாலின் கரும்பு நிலம் ஜூலு மக்கள் வாழ்ந்த நாட்டினது. கண்டிப் பகுதியின் மலைகளைப் பெருந்தோட்டங்கள் வளைத்துக்கொண்டபோது அங்கிருந்த சிங்கள உழவர் இழந்தவை பல. ஒருவர் உரிமை மற்றவர் இழப்பின்மேல் நிற்கலாமோ? இதற்கு விடை, நிலத்தைக் கவர்ந்தவன் வேறு, அதில் உழைக்கக் கொணரப்பட்டவன் வேறு என்பதே. ஆயின் அவ்வேறுபாட்டை நாடகம் மறவாதிருத்தல் வேண்டும். கோவெண்டர் ‘1949’ என்னும் ஆண்டையே தலைப்பாகக் கொண்டு கலவரத்தை நாடகமாக்கியது இவ்வகையில் போற்றத்தக்கது. தன் மக்கள் பட்ட துன்பத்தைக் கூறும் நாடகாசிரியன் அயலார் துன்பத்தைக் காணாதிருத்தல் எளிது. கேட்டோ மேனரை அவர் தமிழர் ஊராக மட்டும் காட்டாமல் பலர் கூடிவாழ்ந்த ஊராகக் காட்டுகிறார். ‘யாமே இவ்விடத்துக்குரியேம்’ என்பதற்கும் ‘யாமும் இவ்விடத்துக்குரியேம்’ என்பதற்கும் உள்ள இடைவெளி ஓர் எழுத்தளவே. ஆயினும் அவ்வோரெழுத்தில் நாடகத்தின் அறம் அடங்கியுள்ளது. ஏகாரத்தைக் கொள்ளும் நாடகம் தன்னை வெளியேற்ற முயன்றோர் கூற்றையே திருப்பிச் சொல்வதாகும். உம்மையைக் கொள்ளும் நாடகமே புதிது கூறுவது. புலம்பெயர்ந்தோர் நாடகத்தை மதிப்பிடுதற்கு இதனைத் தலையாய அளவுகோலாகக் கொள்ளலாம்.

முடிபு

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை. ஆப்பிரிக்க வழியினர் நாடகத்திலும் தமிழ் வழியினர் நாடகத்திலும் தாயகம் நினைவாக நிற்கிறது. உரிமையோ வந்த நிலத்தில் பட்ட பாட்டினாலும் புதைத்த முன்னோராலும் நிறுவப்படுகிறது. இத்தகைய நாடகங்களைத் தாயகத்தின் எச்சங்களாக மட்டும் கற்பது அவற்றின் பொருளைப் பிழைபட உணர்வதாகும். நாம் விரும்பாமலே அம்மக்களை வெளியேற்றியோர் வாதத்துக்குத் துணைபோவதாகவும் முடியும்.

இதனால் நம் தமிழ்த்துறைகள் இந்நாடகங்களைக் கைவிட வேண்டும் என்பது கருத்தன்று. மிகுதியாகக் கற்றல் வேண்டும். கேட்கும் வினாவை மட்டும் மாற்றிக்கொள்ளல் வேண்டும். ‘நம்மிடமிருந்து இவர்கள் எதனைக் கொண்டுசென்றனர்?’ என்பதோடு, ‘அந்நிலம் அதனை என்னவாக்கிற்று?’ என்றும் வினவுதல் வேண்டும். முதல் வினாவுக்கு விடை நம்மிடம் உண்டு. இரண்டாவதற்கு விடை அவரிடமே உண்டு. ஆசிரியராக அன்றி மாணவராக அவர்பால் செல்லும்படி நம்மைப் பணிக்கும் வினா அது. சொந்த ஊர் எது எனக் கேட்டுப் பழகிய நமக்கு அது சிறிது கடினமாகத் தோன்றலாம். ஆயினும் பெயர்ந்து வந்த பூவை வந்த நிலத்துக்கே உரியதாக்கிய இலக்கணத்தைக் கற்றவர் நாம். அந்நெறியைப் பூவுக்கும் புள்ளுக்கும் தந்துவிட்டு மக்களுக்கு மறுத்தல் தகாது.